மதில் மேல் சைக்கிள்: லுக்காவில் ஒரு நாள் வாடகை வண்டி

அவசரக்காரர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் லுக்கா என்ற ஊருக்குப் போனால் கட்டாயம் வாடகை சைக்கிள் எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம், நாள் முழுக்க எடுங்கள். கடையை விட்டு நகர்வதற்கு முன் பின் பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பாருங்கள், செயினையும் குனிந்து ஒரு பார்வை பாருங்கள். அவ்வளவுதான் என் விமர்சனம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பவர்களுக்குத்தான் மிச்சம்.

நான் மாதுங்காக்காரி. பிறந்தது கும்பகோணம் பக்கம், கல்யாணமாகி மும்பை வந்தது 1988இல். முப்பத்தோரு வருடம் ஃபோர்ட்டில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. தினமும் வி.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடை. அந்தப் பகுதிக்குப் பெயர்தான் ஃபோர்ட், கோட்டை எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. சர்ச்கேட் என்று ஒரு ஸ்டேஷன், அங்கேயும் கேட் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் கட்டி, அப்பல்லோ கேட், சர்ச் கேட், பஜார் கேட் என்று மூன்று வாசல் வைத்திருந்தார்கள். 1860களில் பார்ட்டில் ஃப்ரியர் கவர்னராக இருந்தபோது, ஊர் வளர இடமில்லை என்று அத்தனையையும் இடித்துத் தள்ளினார்கள். சர்ச் கேட் நின்ற இடத்தில்தான் இப்போது ஃப்ளோரா ஃபவுண்டன் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று முப்பது வருடம் டீ குடித்திருக்கிறேன். செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரிப் பக்கம் பழைய சுவர் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால், பீசாவில் வேலை பார்க்கும் மகள், “அம்மா, இங்கேர்ந்து அரை மணி ரயில்ல ஒரு ஊரு. சுத்துமதில் ஒரு கல்லுகூடக் குறையாம அப்படியே இருக்கு, மேல சைக்கிள் ஓட்டலாம்” என்றபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பீசாவின் சாய்ந்த கோபுரத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவனை மும்பையில் லுக்கா என்பார்கள். “இதைப் பாக்க இத்தாலி வரணுமா? நம்ம கல்லி முனையிலயே நாலு பேரு உக்காந்திருப்பானே!”

போனது ஏப்ரல் கடைசி வாரம். ரயில் நிலையம் ஊருக்குத் தெற்கே, மதிலுக்கு வெளியே இருக்கிறது. சாலையைத் தாண்டினால் பரந்த புல்வெளி, அதற்கு அப்பால் செங்கல் நிறத்தில் மதில். புல்வெளி நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை நேரே சுவரைப் பார்த்துப் போகிறது. சுவரில் முட்டிக்கொள்வோமோ என்று நினைக்கும்போது ஒரு சின்ன வாசல் தெரிகிறது. உள்ளே இருட்டு, குளிர்ச்சி, மேலே ஏறும் வழி. சான் கொலொம்பானோ என்ற கொத்தளத்தின் வயிற்றுக்குள் புகுந்து மதில் மேல் வெளியே வருகிறோம். கோட்டை கொத்தளம் என்று நாம் சேர்த்தே சொல்கிறோமே தவிர, கொத்தளம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மதிலிலிருந்து வெளியே அம்பு முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மேடை. பக்கத்துச் சுவரை ஒட்டி எதிரி வந்தால் இங்கிருந்து பீரங்கியால் அடிக்கலாம். அப்படிப் பதினொன்று இருக்கின்றன.

வாடகைக் கடைகள் வடக்கே, போர்ட்டா சாந்தா மரியா என்ற வாசலுக்கு உள்பக்கம் இருக்கும் சதுக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. தெற்கிலிருந்து வடக்குக்கு ஊரைக் குறுக்கே நடந்தால் கால் மணிதான். நாங்கள் எடுத்த கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன், அந்த அம்மாளோ நல்லவர், எதற்கு வம்பு.

கடைக்குள் நுழைந்ததுமே ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை. கும்பகோணத்தில் எங்கள் தெரு முனையில் இருந்த வாடகை சைக்கிள் கடை நினைவுக்கு வந்துவிட்டது. மணிக்கு இருபத்தைந்து பைசா. நோட்டில் பெயர், அப்பா பெயர், எடுத்த நேரம் எல்லாம் எழுதிக்கொள்வார். அரை வண்டி, முக்கால் வண்டி, முழு வண்டி என்று அளவு. எனக்கு அரை வண்டியே கிடைக்காது, பையன்கள் முந்திக்கொள்வார்கள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு முழு வண்டியின் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அண்ணன் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவதாகச் சொல்லிவிட்டு முதல் வளைவிலேயே விட்டுவிட்டான். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இங்கே நோட்டுக்குப் பதிலாகக் கணினி, அப்பா பெயருக்குப் பதிலாகப் பாஸ்போர்ட். மற்றபடி அதே முறைதான். சாதாரண வண்டி நாள் முழுக்கப் பதினெட்டு யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,800 ரூபாய். அந்தப் பணத்துக்கு கும்பகோணத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கலாம் என்று கணக்குப் போட்டேன், 7,200 மணி நேரம். வங்கிப் புத்தி, விடாது.

பிரச்சினை, என் கணவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மாதுங்காவில் பிறந்து, ரயில்வேயில் வேலை பார்த்து, ரயிலிலேயே போய் வந்தவர். அறுபத்து நான்கு வயதில் இது நடக்கிற காரியமில்லை. கடையில் நாலு சக்கர மிதி ரிக்ஷா இருந்தது, மேலே துணிக் கூரை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கலாம். மகள் அதைக் காட்டினாள். “அது ஜூஹு பீச்சுல குழந்தைங்களுக்கு விடுற வண்டி மாதிரி இருக்கு” என்று இவர் மறுத்துவிட்டார். கடைசியில் இரட்டை சைக்கிள். அதாவது ஒரே வண்டியில் முன்னும் பின்னும் இரண்டு சீட், இரண்டு ஜோடிப் பெடல். ஹேண்டிலும் பிரேக்கும் முன்னால் இருப்பவரிடம். ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு யூரோ.

இதில் ஒரு சங்கதி தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஜோடிப் பெடலையும் ஒரே செயின் இணைக்கிறது. நான் மிதித்தால் அவர் காலும் சேர்ந்து சுற்றும். அவர் மிதிக்கிறாரா, சும்மா காலை வைத்துக்கொண்டு வருகிறாரா என்று முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரியும், அது வேறு விஷயம். சதுக்கத்திலிருந்து மதிலுக்கு ஏறும் சரிவில் எனக்கு மூச்சு வாங்கியது. “என்னங்க, மிதிக்கிறீங்களா?” “கால் சுத்துதும்மா, பாரேன்!” அது எனக்கும் தெரியும், நான்தானே சுற்றுகிறேன். கிளம்பும்போதும் நிற்கும்போதும் இரண்டு பேரும் சொல்லி வைத்துக்கொண்டு காலை ஊன்ற வேண்டும். முதல் தடவை நான் வலது காலை ஊன்ற, அவர் இடது காலை ஊன்ற, நாய் கூட்டிவந்த ஒரு பெரியவர் ஓடிவந்து வண்டியைப் பிடித்தார்.

மேலே ஏறிய பிறகு எல்லாம் சுகம். சுற்றளவு 4.2 கிலோமீட்டர், சமதளம். பன்னிரண்டு மீட்டர் உயரச் சுவர், அடியில் முப்பது மீட்டர் அகலம். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டி முடித்திருக்கிறார்கள். இவ்வளவு அகலம் எதற்கு என்றால் பீரங்கிக்காக. பழைய காலத்து ஒல்லியான உயர மதில்களைக் குண்டு உடைத்துவிடும். அதனால் வெளிப்பக்கம் செங்கல், உள்ளே மலை மாதிரி மண் கொட்டி நிரப்பிவிட்டார்கள். குண்டு வந்தால் மண் வாங்கிக்கொள்ளும். ஃப்ளோரன்ஸ்காரன் எப்போது வருவானோ என்ற பயத்தில் தலைமுறை தலைமுறையாகச் செலவு செய்து கட்டினார்கள், யாருமே முற்றுகை போட வரவில்லை. ஆற்று வெள்ளம்தான் வந்தது. 1812இல் செர்க்கியோ ஆறு பெருகியபோது வாசல்களை அடைத்துவிட்டார்கள், சுவர் ஊரைக் காப்பாற்றியது. அப்போது லுக்காவை ஆண்டவர் நெப்போலியனின் தங்கை எலிசா. அவர் வெளியே மாட்டிக்கொண்டார், வாசலைத் திறக்க முடியாதாகையால் பாரம் தூக்கும் கருவியில் கட்டி மதிலுக்கு மேலாக உள்ளே இறக்கினார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். பின்னால் வந்த மரியா லூயிசா, இனி எதற்குப் பீரங்கி என்று மதிலை உலாவும் இடமாக மாற்றினார். எங்கள் ஊரில் அதே நூற்றாண்டில் மதிலை இடித்தார்கள், இவர்கள் அதன் மேல் மரம் நட்டார்கள்.

மதில் மேலிருந்து பார்ப்பது மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது மாதிரி. ஒரு பக்கம் வீடுகளின் இரண்டாம் மாடி ஜன்னல்கள் நம் கண்ணுக்கு நேராக வருகின்றன. கொடியில் காயும் துணி, ஜன்னலில் பூனை, யாரோ பீன்ஸ் நறுக்குகிறார்கள். பலாஸ்ஸோ ஃபானர் என்ற மாளிகையின் தோட்டத்தை உள்ளே போனால் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும், மதில் மேலிருந்து சும்மாவே பாதி தெரிகிறது. எலுமிச்சைத் தொட்டிகளும் கற்சிலைகளும். இன்னொரு பக்கம் புல்வெளி, அதற்கும் அப்பால் மலைகள். ஊர் நடுவே குவினீஜி கோபுரம் தெரியும், 45 மீட்டர் உயரம், உச்சியில் நிஜமான மரங்கள் வளர்ந்திருக்கின்றன, தலையில் கீரைக்கட்டு வைத்த மாதிரி. மும்பையில் பழைய கட்டடத்தில் அரசமரம் முளைத்தால் மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வரும். இவர்கள் டிக்கெட் போடுகிறார்கள். ஏறுவதற்கு இருநூற்றுச் சொச்சம் படி, என் முழங்கால் வேண்டாம் என்றது.

ஒரு சுற்று இருபது நிமிடம்கூட ஆகாது. இரண்டாவது சுற்றில் இவர் பாட ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது சுற்றில் நிஜமாகவே மிதித்தார் என்று நினைக்கிறேன், வண்டி லேசாகிவிட்டது. நடுவில் ஒரு கொத்தளத்தில் மரத்தடியில் நிறுத்தி, மகள் கட்டிக் கொண்டுவந்த தயிர்ச் சாதத்தைச் சாப்பிட்டோம். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சை ஊறுகாய் வாசனைக்கு ஒரு நாய் வந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனது.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மதில் சுற்றியாயிற்று, படம் எடுத்தாயிற்று, அடுத்த ரயிலுக்கு ஃப்ளோரன்ஸ். அதுதான் தவறு என்கிறேன். நாங்கள் இரட்டை வண்டியைக் கொடுத்துவிட்டு, இவரை ஊருக்குள் ஆன்ஃபித்தியாத்ரோ சதுக்கத்தில் காப்பியோடு உட்கார வைத்துவிட்டு, நானும் மகளும் ஆளுக்கொரு தனி வண்டி எடுத்துக்கொண்டோம். அந்தச் சதுக்கம் முட்டை வடிவம். ரோமானியர் காலத்து வட்டரங்கத்தின் இடிபாட்டின் மேல் வீடுகள் கட்டிக்கொண்டதால் வந்த வடிவம். 1830இல் லொரென்ஸோ நொத்தோலினி என்ற கட்டடக்கலைஞர் நடுவில் நெருக்கிக்கொண்டிருந்தவற்றை அகற்றி அதைச் சதுக்கமாக்கினார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானம் முழுக்க அவர் வேலையைத்தான் பார்க்கப் போகிறோம்.

அந்த வாரம் அங்கே பூச்சந்தை. ஜீத்தா என்ற புனிதையின் திருநாளுக்காக. அரசகுமாரியோ கன்னிமடத் தலைவியோ இல்லை, இவர் வீட்டு வேலைக்காரி. பன்னிரண்டு வயதில் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, 1272இல் சாகும்வரை அதே வீட்டில் இருந்தவர். ஏழைகளுக்குக் கொடுக்க முந்தானையில் ரொட்டியை மறைத்துக்கொண்டு போனபோது எஜமான் பிடித்துவிட்டார், விரித்துப் பார்த்தால் பூக்கள். அதனால்தான் பூச்சந்தை. சான் ஃப்ரெதியானோ கோயிலில் அவர் உடலைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். வண்டியை வாசலில் பூட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டு வேலைக்காரம்மா இருபத்திரண்டு வருடமாக வருகிறார், அவருக்கென்று ஒரு சின்னப் படம் வாங்கினேன். ஊருக்கு வந்து கதையைச் சொன்னபோது, “எஜமானி சம்பளம் ஏத்திக் கொடுத்தாங்களா?” என்று கேட்டார்.

வெளியே போகும் வழி தெற்கே. ரயில் நிலையத்தைத் தாண்டினால் ஒரு சின்ன வட்டக் கோயில் மாதிரிக் கட்டடம் நிற்கிறது. அது கோயில் இல்லை, தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து தெற்கே மலையடிவாரத்தில் குவாமோ என்ற ஊர் வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஒரே கோடாகக் கல் வளைவுகள், நானூறுக்கும் மேலே. நொத்தோலினி வடிவமைத்த நீர்வழிக் கால்வாய். 1823இல் ஆரம்பித்து 1851 வரை வேலை. மலை ஊற்றுத் தண்ணீர் இந்த வளைவுகளின் தலை மேல் ஓடி, பம்பு எதுவும் இல்லாமல், சரிவு ஒன்றையே நம்பி ஊருக்கு வந்தது. வளைவுகளின் ஓரமாகப் பாதை, சில இடத்தில் சரளைக்கல், சில இடத்தில் புல். பக்கத்தில் வீடுகள், காய்கறித் தோட்டம், கோழிக்கூடு. ஒரு வளைவின் கீழே யாரோ விறகு அடுக்கி வைத்திருந்தார்கள்.

எனக்கு மனதுக்குள் தான்சா குழாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. மும்பைக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்த ராட்சதக் குழாயின் ஓரமாக, முலுண்டுப் பக்கத்திலிருந்து சைக்கிள் பாதை போடுவதாக மாநகராட்சி அறிவித்தபோது, வங்கியில் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தவரிடம், “ரிட்டையர் ஆனதும் அதுல ஓட்டுவேன்” என்று பெருமையடித்திருந்தேன். ஓட்டவில்லை. கடைசியில் தண்ணீர்க் கால்வாய் ஓரமாகச் சைக்கிள் ஓட்டியது இங்கே வந்துதான்.

பாதி வழியில் வளைவு வரிசை சட்டென்று அறுந்துபோகிறது. ஃப்ளோரன்ஸிலிருந்து கடற்கரைக்குப் போகும் நெடுஞ்சாலைக்காகச் சில வளைவுகளை எடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் வளைவு, நடுவில் லாரிகள், அந்தப் பக்கம் மறுபடி வளைவு. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. ஒரு கல்கூடப் போகாத ஊர் என்று மகள் சொன்னாளே, அவர்களும் கொஞ்சம் இடித்துத்தான் இருக்கிறார்கள் என்று அற்பமான ஒரு ஆறுதல் எனக்கு.

குவாமோவை நெருங்கும்போது என் வண்டியில் செயின் கழன்றது. கழன்றது மட்டுமில்லை, பின் பல்சக்கரத்துக்கும் கம்பிகளுக்கும் நடுவில் போய் இறுக்கமாக மாட்டிக்கொண்டது. ஏழு கியர் வண்டி. சரிவில் கியரைக் குறைத்தேன், கடைசிப் பல்லைத் தாண்டி உள்ளே விழுந்துவிட்டது. அதைத் தடுக்க ஒரு சின்னத் திருகு இருக்கும், சரியாக முடுக்கி வைத்திருந்தால் இப்படி ஆகாது. கடை கொடுத்த சீட்டில் இருந்த எண்ணுக்கு மகள் போன் செய்தாள். மணி ஒன்றரை. அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை மூடியிருக்கும் என்றாள். “அவசரத்துக்கு இந்த எண்” என்று அச்சடித்துக் கொடுக்கிறவர்கள், அவசரம் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியேதான் வரும் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

மகள் கலங்கிவிட்டாள். நான் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டிலும் தரையில் படும்படி நிறுத்தினேன். ஆலிவ் மரத்தடியில் ஒரு குச்சி பொறுக்கி, செயினுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது கொஞ்சம் தடிமன். பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இழுத்தால் ஒரு கணத்தில் “டக்” என்று வெளியே வந்தது. பிறகு கீழ்ப்பல்லில் ஒரு கண்ணியை மாட்டி, பெடலை முன்பக்கம் ஒரு சுற்று, தானாக ஏறிக்கொண்டது. விரல் பத்தும் கறுப்பு. நாற்பத்தைந்து வருடம் கழித்தும் கைக்கு மறக்கவில்லை. மகள் அதைப் படம் எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பினாள். அங்கிருந்து பதில் வந்தது: “அந்த ரெட்டை வண்டியில இது நடந்திருந்தா என்னை நடக்க விட்டிருப்பா.”

குவாமோவில் மறுபடி ஒரு வட்டக் கோயில், அதாவது தண்ணீர்த் தொட்டி. அதற்கும் மேலே காட்டுக்குள் ஊற்றுகள் தொடங்கும் இடம், பெயர் “பொன் சொற்கள்”. கல்லில் பதித்த கல்வெட்டின் பித்தளை எழுத்துகளை ஜனங்கள் தங்கம் என்று நினைத்துவிட்டார்களாம். அந்தப் பெயருக்காகவே ஏறியிருப்பேன், கறுத்த கையோடும் சந்தேகத்துக்குரிய செயினோடும் மேட்டில் ஏறத் தைரியம் வரவில்லை. அந்தக் கடைமீது என் முக்கியமான கோபம் இதுதான். செயின் கழல்வது சகஜம். அதற்குப் பிறகு அந்த வண்டியை நம்ப முடியாமல் போனது, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்பினேன்.

திரும்பி வந்து ஊருக்குள் செச்சீனா சாப்பிட்டோம். கடலை மாவையும் தண்ணீரையும் ஆலிவ் எண்ணெயையும் கரைத்துப் பெரிய வட்டத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, துண்டு போட்டுத் தருகிறார்கள். மாதுங்காவில் குஜராத்தி அண்டை வீட்டில் செய்யும் பூடா என்ற கடலை மாவு அடையின் ஒன்றுவிட்ட அக்கா. வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டால் நம்முடையது ஆகிவிடும். மிளகுத்தூள் தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள். புச்செல்லாத்தோ என்று திராட்சையும் சோம்பும் போட்ட இனிப்பு ரொட்டி இந்த ஊரின் அடையாளம், அதைச் சாப்பிடாதவன் லுக்காவுக்கே வரவில்லை என்று பழமொழி வைத்திருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. சோம்பு வாசனை இனிப்போடு ஒட்டவில்லை. ஒரு முழு ரொட்டி வாங்கி, மகள் வீட்டில் நான்கு நாள் எல்லோரும் அதைச் சுற்றி நடந்தோம்.

சாயங்காலம் செர்க்கியோ ஆற்றுப் பக்கம் போனோம். மதிலுக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். ஆற்றங்கரை மேட்டில் பாதை, நெட்டை மரங்கள், ஓடுகிறவர்கள், நாய்கள். நன்றாக இருந்தது, சொல்வதற்குப் பெரிதாக இல்லை. வெள்ளம் வந்த ஆறு என்று பார்த்தால் நம்ப முடியாது, அன்றைக்கு அவ்வளவு சாது. இசைக்கலைஞர் புச்சீனி 1858இல் பிறந்தது லுக்காவில், பிற்காலத்தில் வாழ்ந்தது மேற்கே ஏரிக்கரையில் தோர்ரே தெல் லாகோவில். இந்த ஆற்றுப் பக்கமாகவே அதுவரை சைக்கிளில் போகலாம். இளவட்டங்களுக்கு அது சரி. நான் ஏழு மணிக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கடைக்காரம்மாளிடம் என் கையைக் காட்டினேன். செயின் கதையை மகள் இத்தாலியனில் சொன்னாள். “ஓ, சிஞோரா!” என்று இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். உள்ளே கூட்டிப்போய், எண்ணெய்க் கறை போக்கும் பசையும் வெந்நீரும் கொடுத்தார். நானே நெம்பி எடுத்தேன் என்றதும் பட்டறையில் இருந்த பையனைக் கூப்பிட்டு என்னைக் காட்டி ஏதோ திட்டினார். காசு மட்டும் ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை. அடுத்த நாள் எடுத்தால் பாதி விலை என்றார், அடுத்த நாள் நாங்கள் அங்கே இல்லை. மரியாதைக்குப் பத்துக்குப் பத்து, பராமரிப்புக்கு நான்கு, போன் எடுப்பதற்குப் பூஜ்யம்.

இன்னும் சில வார்த்தைகள். சேலையில் ஓட்டலாமா என்று என் தங்கை கேட்டாள். செயின் மூடி முழுசாக இல்லை, வேண்டாம், சுடிதாரின் துப்பட்டாவைக்கூட முடிந்துகொள்ளுங்கள். சீட்டை உங்கள் உயரத்துக்கு இறக்கித் தரச் சொல்லுங்கள், அவர்கள் இத்தாலிய உயரத்துக்கு வைத்திருப்பார்கள். ஊருக்குள் கடைத்தெருவில் கூட்டம் அதிகம், இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. மதில் மேல் நடப்பவர்கள்தான் அதிகம், மணியை மெதுவாக அடியுங்கள், நம்மூர் மாதிரி அடித்தால் திரும்பிப் பார்ப்பார்கள். பூட்டு கொடுப்பார்கள், பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

இதை எழுதி முடித்து இவரிடம் படிக்கக் கொடுத்தேன். தன் பங்குக்கு இரட்டை சைக்கிளின் பின்சீட்டைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். சீட் கட்டை மாதிரி. மதில், கோபுரம், மலை எல்லாம் முன்னால் இருப்பவருக்கு. பின்னால் இருப்பவருக்கு ஒரு மணி நேரமும் பெண்டாட்டியின் முதுகுதான் தெரிந்தது, அதற்கும் ஆறு யூரோ.